பெயர் மாறிய கம்பெனியும் ஒரு வாஷிங் மெஷினும்

பிள்ளைகளா, நீங்கள் இருவரும் இந்தக் கதையை உங்கள் சிநேகிதர்களிடம் சொல்லும்போது, "எங்க அத்தா ஆபீஸ் சுவத்துல இருந்த ஃப்ரேமைத் திருடிட்டுப் போயிட்டார்" என்றுதான் தொடங்குகிறீர்கள். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள். சிரிப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நான் திருடவில்லை. எடுத்துப் போனேன், திரும்பக் கொண்டுவந்தேன். நடுவில் ஒரு மூன்று மணி நேரம் ஆனது, அவ்வளவுதான். அதில் என்ன நடந்தது என்று ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இனிமேல் இதன்படி சொல்லுங்கள். தமிழை நீங்கள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். அவசரம் ஒன்றும் இல்லை. பெரியவள் படிக்கட்டும், சின்னவன் கேட்கட்டும்.

என் வேலை என்னவென்று உங்களுக்கே பாதிதான் தெரியும். ரேடியோ கம்பெனியில் வேலை என்றால் மைக்கில் பேசுகிறவர் என்று உங்கள் டீச்சர்கூட நினைத்துவிட்டார். நான் பத்தாவது படித்தவன். ரிசப்ஷன் ஓரத்தில் ஒரு மேஜை, ஒரு பதிவேடு, பின்னால் ஒரு சின்ன அறை. அந்த அறையில் குக்கர், குடை, தொப்பி, சினிமா டிக்கெட் எல்லாம் இருக்கும். ரேடியோவில் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னவர்கள் ஆதார் கார்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் நான் பரிசை எடுத்துக் கொடுப்பேன். காலை நிகழ்ச்சி நடத்துகிற தம்பி மைக்கில் என்னை 'இனாம் சாச்சா' என்று சொல்லிச் சொல்லி, பரிசு வாங்க வருகிறவர்கள் எல்லாம் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பரிசு கொடுக்கிற சித்தப்பாவாம். இருக்கட்டும். அத்தனை பேருக்குச் சித்தப்பாவாக இருப்பது நல்லதுதானே.

எங்கள் கம்பெனிக்குப் பெயர் மாறப் போகிறது என்று தெரிந்தபோது, சின்னவனே, நீ பயந்துபோய், "அப்போ ரேடியோவுல வர்ற பாட்டு?" என்று கேட்டாய். ரேடியோவில் நீங்கள் கேட்கிற பெயர் வேறு, கம்பெனியின் பெயர் வேறு. வீட்டில் உன்னைக் கூப்பிடுகிற பெயரும் ஸ்கூல் ரெஜிஸ்டரில் இருக்கிற பெயரும் வேறு வேறாக இருக்கிறதே, அது மாதிரி. இப்போது மாறியது ரெஜிஸ்டர் பெயர். கேட்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே இருக்கிற எங்களுக்குத்தான் தலைகீழ்.

பெயர் மாறுவதற்கு முந்தின வாரம் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டினோம். நாற்காலி, ஏசி, மைக் ஸ்டாண்ட், குப்பைத்தொட்டி வரை பழைய பெயர் ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயர் ஒட்ட வேண்டும். என் நகக்கண்ணெல்லாம் பசை. சனிக்கிழமை பழைய பெயர் அச்சடித்த தாள், கவர், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டார்கள். ரிசப்ஷனில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது, எல்லாம் அட்டைப்பெட்டி.

என் தப்பு அங்கேதான் தொடங்கியது. அந்த வாரம் பரிசு வாங்க வருகிறேன் என்று போன் செய்தவர்கள் பன்னிரண்டு பேர். எல்லாரிடமும், "இந்த வாரம் வேண்டாங்க, ஒரே தூசியா இருக்கு. அடுத்த வாரம் வாங்க, எல்லாம் புதுசா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். கடையில் காட்டிப் பரிசை வாங்கிக்கொள்ள அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடிதம் எல்லாம் பழைய பெயரில் அச்சாகி என் டிராயரில் இருந்தது. அதில் கடைசித் தேதி என்று ஒரு வரி உண்டு. முப்பது நாள். அந்த வரியை நான் யாருடைய கடிதத்திலும் பார்க்கவில்லை.

பெயர் மாறிய திங்கட்கிழமை காலையில் மும்பையிலிருந்து ஒரு ஃப்ரேம் வந்தது. கம்பெனியின் பெயர் மாறியதற்கு அரசாங்கம் கொடுத்த சான்றிதழ். அதை ரிசப்ஷன் சுவரில் ஆணி அடித்து மாட்டியது நான்தான். மாட்டும்போது விரல் வைத்து இங்கிலீஷ் எழுத்தைப் படித்தேன். இதுவரை இன்ன பெயரில் இருந்த கம்பெனி, இனி இன்ன பெயரில் இருக்கும் என்று எழுதியிருந்தது. இரண்டு பெயரும் ஒரே தாளில் இருந்தன. தலைமை அலுவலகத்திலிருந்து விமானத்தில் இரண்டு பெரியவர்கள் வருகிறார்கள், அவர்கள் அந்த ஃப்ரேமுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள் என்று ஏற்பாடு. எங்கள் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிற மேடம், அதுதான் அந்தச் சென்னைக்காரப் பெண், நம் வீட்டுப் பக்கம் இருக்கிற ஏர்போர்ட்டுக்கு அவர்களை அழைத்துவரக் கிளம்பிவிட்டார்.

பத்து மணிக்கு முதல் ஆட்கள் வந்தார்கள். புருஷனும் பெண்சாதியும், ஊரின் மறுகோடி சிஞ்ச்வட்டிலிருந்து. இரண்டு பேருமே மோட்டார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. அந்த அம்மா பேக்கிங்கில் நிற்கிறவர். அவருக்கு விழுந்திருந்தது வாஷிங் மெஷின், அந்த மாதத்தின் பெரிய பரிசு. அவ்வளவு பெரிய சாமான் என் அறையில் இருக்காது. நான் கடிதம் கொடுப்பேன், அதைக் காட்டி வானவடியில் இருக்கிற கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் டெம்போவோடு வந்திருந்தார்கள். அந்த அம்மாவின் பையிலிருந்து சாமந்தி மாலை எட்டிப் பார்த்தது.

அவர் பேசியது மராத்தி, நான் பேசியது என் உடைந்த ஹிந்தி. உங்களுக்காக நம் பேச்சில் எழுதுகிறேன். கூப்பிட்ட சொல்லை மட்டும் அப்படியே விடுகிறேன்: வஹினி என்றால் அண்ணி, தாதா என்றால் அண்ணன்.

"மாலை யாருக்கு வஹினி? எனக்கா?" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு தாதா? மெஷினுக்கு. தேங்காயும் வெச்சிருக்கேன். பால்கனியில குழாய் போட்டாச்சு. பில்டிங்ல எல்லாருக்கும் சொல்லியாச்சு. இன்னிக்கு மெஷின் வரலைன்னா நான் பின்பக்கப் படியில ஏறித்தான் வீட்டுக்குப் போகணும்."

"இவ பில்டிங்ல மட்டுமா சொன்னா? எங்க சூப்பர்வைசர் என்கிட்ட வந்து, 'துவைக்கிற மெஷினாமே, உன்னையும் போட்டு எடுப்பாளா'ன்னு கேட்கறார்" என்றார் புருஷன்.

சிரித்துக்கொண்டே கடிதத்தைக் கொடுத்து அனுப்பினேன். பதினோரு மணிக்கு அதே டெம்போ திரும்பி வந்தது. பின்னால் காலி. அந்த அம்மா இறங்கி வந்து கடிதத்தை என் மேஜைமேல் வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பையிலிருந்து எட்டிப் பார்த்த மாலையை உள்ளே தள்ளி மூடினார்.

புருஷன்தான் சொன்னார். "இந்தப் பேர்ல கம்பெனியே இல்லைங்கறான் தாதா. இன்னிலேர்ந்து அந்தப் பேரு கிடையாதுன்னு அவங்களுக்குத் தகவல் வந்துடுச்சாம். ரெண்டும் ஒரே கம்பெனின்னு காகிதம் கொண்டா, தர்றேன்ங்கறான். இன்னொண்ணு..." என்று கடிதத்தின் கீழே விரலை வைத்தார். "கடைசித் தேதி இன்னிக்குத்தான். நாளைக்குக் காகிதம் கொண்டுவந்தாலும் செல்லாதாம்."

நான் பார்த்தேன். இன்றைய தேதிதான். போன புதன்கிழமையே வருகிறேன் என்று சொன்னவர்களை நான்தான் திங்கட்கிழமைக்குத் தள்ளினேன். அந்த அம்மா மெல்லக் கேட்டார்: "நீங்கதானே தாதா அடுத்த வாரம் வாங்கன்னு சொன்னீங்க?"

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

புதுப் பெயரில் வேறு கடிதம் கொடுக்க வேண்டிய கணக்குப் பிரிவுக்காரர், பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட மும்பைக்குப் போயிருந்தார். மேடத்துக்கு மூன்று தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. அந்தச் சான்றிதழை மொபைலில் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பிப் பார்த்தேன். கடை மேனேஜர் போனில் சொன்னார்: "போட்டோவை எவன் வேணும்னாலும் மொபைல்லயே செஞ்சிடறான் பாய். அசல் காகிதத்தைக் கொண்டு வந்து காட்டு." அந்தப் புருஷனுக்கு மூன்று மணிக்கு ஷிப்ட். டெம்போக்காரர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், அவருக்கு இரண்டு மணிக்கு வேறு சவாரி.

சுவரைப் பார்த்தேன். பழைய பெயரும் புதுப் பெயரும் சேர்ந்து இருந்த காகிதம் அந்த ஆபீஸில் அது ஒன்றுதான். பிஸ்மி சொல்லி ஆணியிலிருந்து எடுத்தேன். இதுதான் நீங்கள் சொல்கிற திருட்டு. பட்டப்பகலில், வாட்ச்மேன் கதவைத் திறந்து பிடிக்க, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய் டெம்போவில் ஏறினேன். அவசரத்தில் என் போனை மேஜைமேலேயே வைத்துவிட்டேன்.

டெம்போவின் முன்பக்கம் டிரைவரோடு மூன்று பேர். அந்த அம்மா நடுவில், நான் ஜன்னலோரம், புருஷன் பின்னால் காலியாக இருந்த இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் கண்ணாடி என் மோவாயில் இடித்தது.

"உடையாதே?" என்று கேட்டார் அந்த அம்மா.

"உடைஞ்சா நானும் உங்க பேக்கிங்குக்கு வேலைக்கு வந்துடறேன்."

"அங்க ஒடைஞ்சா சம்பளத்துல பிடிப்பாங்க தாதா. வந்துடாதீங்க" என்றார். அவர் முகம் கொஞ்சம் இளகியதைப் பார்த்தபோது எனக்கும் மூச்சு வந்தது.

கடை மேனேஜர் சின்ன வயசுக்காரர். ஃப்ரேமை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இரண்டு பெயரையும் கடிதத்தோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"காகிதம் சரி. நீங்க யாரு?"

"அந்தக் கம்பெனியில வேலை பார்க்கறவன் சார்."

"ஐடி கார்டு?"

கழுத்தில் கை வைத்தேன். கார்டு இருந்தது, பழைய பெயரில். புதுக் கார்டு புதன்கிழமைதான் வரும். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இல்லாத கம்பெனியோட கடிதம், இல்லாத கம்பெனியோட ஆளு. சுவத்துல மாட்டற ஃப்ரேமைக் கழட்டிக்கிட்டு எந்தக் கம்பெனிக்காரன் பாய் வருவான்?"

"கம்பெனி இருக்கு சார். பேருதான் போயிடுச்சு" என்றேன். அந்த அம்மா அங்கே வரிசையாக நின்ற மெஷின்களில் ஒன்றின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய பெயர் எழுதிய சீட்டு அதில் ஒட்டியிருந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் டெம்போக்காரர் உள்ளே ஓடி வந்தார். "பாய், பாய்! உங்களை ரேடியோவுல தேடுறாங்க!"

கதவு திறந்திருந்த டெம்போவில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. எங்கள் ஸ்டேஷன்தான். மேனேஜர், நான், அந்தப் புருஷன் பெண்சாதி, கடையில் ஃப்ரிட்ஜ் பார்க்க வந்த இரண்டு பேர், எல்லாரும் தெருவில் நின்று கேட்டோம். பேசியது நம் காலை நிகழ்ச்சித் தம்பி. வழக்கத்தைவிட அதிகமாகவே குஷியில் இருந்தான்.

"கேட்கற எல்லாருக்கும் ஒரு அவசரச் செய்தி. எங்க ஆபீஸ் சுவத்துலேர்ந்து ஒரு கண்ணாடி ஃப்ரேம் காணோம். அதோட எங்க இனாம் சாச்சாவையும் காணோம். முன்நெத்தி வழுக்கை, வெள்ளைத் தாடி, கையில ஃப்ரேம். ஊர்ல எங்கேயாவது பார்த்தீங்கன்னா பிடிச்சு வெச்சுக்கோங்க. விருந்தாளிங்க வந்துட்டாங்க, மேடம் முறைக்கிறாங்க, சமோசா ஆறுது. சாச்சா, கேட்டுக்கிட்டு இருந்தா சீக்கிரம் வாங்க சாச்சா. உங்க போன் மேஜைமேலதான் அடிச்சுக்கிட்டு இருக்கு."

மேனேஜர் என் வழுக்கையைப் பார்த்தார். தாடியைப் பார்த்தார். ஃப்ரேமைப் பார்த்தார். "நீங்கதான் இனாம் சாச்சாவா! எங்க அக்கா உங்க கையால குடை வாங்கியிருக்கா. முதல்லயே சொல்றதுதானே?" என்று என் தோளில் தட்டினார்.

ஐடி கார்டால் ஆகாதது, சான்றிதழால் முழுசாக ஆகாதது, அந்தத் தம்பியின் கேலியால் ஆனது. பத்து நிமிஷத்தில் மெஷின் டெம்போவில் ஏறியது. அந்த அம்மா அதற்கு மாலை போட்டு, தேங்காயை டெம்போ சக்கரத்தின் பக்கத்தில் உடைத்து, மெஷினுக்குக் குங்குமம் வைத்தார். திரும்பி என் கையில் இருந்த ஃப்ரேமின் கண்ணாடிமேலும் ஒரு பொட்டு வைத்தார். "இதுவும் நல்லா இருக்கட்டும்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் சந்தோஷத்தில் செய்தது. எனக்குத் தேங்காய் ஒரு மூடி கொடுத்தார். ஒரு கையில் தேங்காய் மூடி, மறு கையில் ஃப்ரேம், அப்படியே ஆட்டோ பிடித்து ஆபீஸ் வந்தேன்.

வந்தபோது விருந்தாளிகள் சாப்பிடக் கிளம்பியிருந்தார்கள். போட்டோ எடுத்தாகிவிட்டது, வெறும் ஆணிக்குக் கீழே நின்று. மேடம் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரிசப்ஷனில் நின்றார்.

"என்ன அண்ணா இது?"

எல்லாவற்றையும் சொன்னேன், தேதி பார்க்காத என் தப்பிலிருந்து ஆரம்பித்து. அவர் முழுசாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அவங்ககிட்ட ஃப்ரேமைக் கண்ணாடி துடைக்க அனுப்பியிருக்கோம்னு பொய் சொன்னேன் அண்ணா, உங்களுக்காக. சொல்லி முடிக்கல, ஸ்பீக்கர்ல அவன் கத்தறான், ஃப்ரேம் காணோம்னு. என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்?"

"மன்னிச்சிடுங்க மேடம்."

"ஆணிக்குப் பக்கத்துல என்ன இருக்கு, பாருங்க."

பார்த்தேன். ஜெராக்ஸ் மெஷின் இருந்தது.

"ஒரு காப்பி எடுத்து, புது முத்திரை குத்திக்கிட்டுப் போகணும்னு தோணவே இல்லையா?"

"தோணலை மேடம்."

அவர் என்னையே பார்த்தார். சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். "மெஷின் கிடைச்சுதா அந்தம்மாவுக்கு?"

"கிடைச்சுது மேடம்."

"சரி. விளக்கம் எழுதிக் குடுங்க. நீங்களும், உள்ள இருக்கற அந்த வாயாடியும்."

ஆக, பிள்ளைகளா, புதுப் பெயர் அச்சடித்த தாளில் எங்கள் ஆபீஸில் எழுதப்பட்ட முதல் கடிதம் உங்கள் அத்தாவின் மன்னிப்புக் கடிதம். இரண்டாவது அந்தத் தம்பியுடையது. அவன் என்னுடையதைப் பார்த்து எழுதினான். 'தேதி பார்க்காதது என் தவறு' என்பதையும் சேர்த்து எழுதிவிட்டு, பிறகு கோடு போட்டு அடித்தான். எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கள் அம்மா போன் செய்தாள். "ஏங்க, ரேடியோவுல உங்களைக் காணோம்னு சொல்றாங்க, இருக்கீங்களா?" என்றாள். இருக்கிறேன் என்றேன். "இருந்தா சரி, வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள்.

உங்களுக்குத் தெரிந்த கதை இங்கே முடிகிறது. இதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆறு மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். உள்ளே ஸ்டுடியோவில் மாலை நிகழ்ச்சி ஓடியது, வெளியே நான் மட்டும். மேஜை டிராயரைத் திறந்தேன். இன்னும் பதினோரு கடிதம் இருந்தது. பதினோரு பேரும் அடுத்த வாரம் வாருங்கள் என்று நான் சொன்ன சொல்லை நம்பிக் காத்திருக்கிறவர்கள். ஒவ்வொன்றிலும் கடைசித் தேதியைத் தேடிப் பென்சிலால் சுழித்தேன். நல்லவேளை, எதற்கும் தேதி தாண்டவில்லை. இரண்டு பேருக்கு வியாழக்கிழமைதான் கடைசி. அவர்களுக்கு அப்போதே போன் செய்து நாளைக்கே வரச் சொன்னேன்.

பிறகு ஃப்ரேமை அப்படியே ஜெராக்ஸ் மெஷின்மேல் கவிழ்த்து வைத்து ஒரு காப்பி எடுத்தேன். புதுப் பெயருக்குப் பக்கத்தில் கறுப்பாக வட்டமாக ஒரு கறை. என்னவென்று புரியாமல் ஃப்ரேமைத் திருப்பிப் பார்த்தேன். அந்த அம்மா வைத்த குங்குமம். இதைப் பார்த்து இன்னொரு மேனேஜர் இன்னொரு கேள்வி கேட்பார் என்று கைக்குட்டையால் துடைத்துவிட்டு, மறுபடி பதினொன்று எடுத்தேன். ஃப்ரேமை ஆணியில் மாட்டினேன். ஒவ்வொரு காப்பியிலும் புது முத்திரையைக் குத்தி, ஒவ்வொரு கடிதத்தின் பின்னாலும் வைத்து ஸ்டேப்ளர் அடித்தேன். ஒன்பதாவதோடு பின் தீர்ந்துவிட்டது. ஆபீஸ் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. மீதி இரண்டுக்கும் குண்டூசி குத்தி வைத்தேன்.